கொடுத்த பணத்துக்கு உடல்நலம் கிடைத்ததா? சுகாதாரத் திட்டங்களைப் பொருளாதார மதிப்பீடு செய்ய முழுமையான வழிகாட்டி

ஒரு சுகாதாரத் திட்டத்தின் செலவையும் பலனையும் முதன்முறையாகக் கணக்கிடப் போகும் மாவட்டத் திட்ட மேலாளர்களுக்கும் பொதுச் சுகாதார முதுநிலை மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பயிற்சி வகுப்புகளில் நான் கண்டவரை, தடுமாறுபவர்களில் பெரும்பாலோர் எக்செல் கோப்பைத் திறப்பதற்கு முன்பே தடுமாறிவிடுகிறார்கள். தவறான கேள்விக்குச் சரியாகக் கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் அது அவர்களுக்குத் தெரியவருகிறது.

விளக்கத்துக்கு, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்த அழுத்த நோயாளிகளுக்கு வீட்டிலேயே மாத்திரை தரும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கீழே வரும் செலவு, பலன் எண்கள் கணக்கு முறையைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. அத்திட்டத்தின் உண்மையான முடிவுகள் என்று அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நோயாளிகளிடம் நேரில் கேட்பதானால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், பதிவேடுகளைப் பார்ப்பதற்குத் துறையின் எழுத்துபூர்வ அனுமதியும் வேண்டும். இவை கைக்கு வர மாதக் கணக்கில் ஆகலாம் என்பதால் விண்ணப்பத்தை முதல் வாரமே கொடுத்துவிடுங்கள்.

அடுத்து ஆவணங்கள். ஊதியப் பட்டியல், மருந்து இருப்புப் பதிவேடு, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கொள்முதல் விலைப்பட்டியல், வாகன லாக் புத்தகம், பயிற்சிச் செலவு ரசீதுகள், நோயாளிப் பதிவேடு ஆகிய ஆறும் ஒரே நிதியாண்டுக்கு உரியவையாக இருக்க வேண்டும். ஊதியம் ஓர் ஆண்டுக்கும் மருந்து வேறோர் ஆண்டுக்கும் கிடைத்தால், இரண்டையும் பிறகு ஒட்டவைக்க முயல்வதைவிட ஓராண்டைத் தேர்ந்துகொண்டு விடுபட்டதைத் தேடுவது சுலபம்.

இவற்றோடு, இந்தியச் சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பு வகுத்துள்ள நெறிகளையும் படித்துவிடுங்கள். மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் 2017 முதல் இயங்கும் அமைப்பு அது. அதன் நெறிகளைப் பின்பற்றினால்தான் உங்கள் முடிவை நாட்டின் பிற ஆய்வுகளோடு ஒப்பிட முடியும்.

2. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

'இந்தத் திட்டம் பயனுள்ளதா?' என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. யாருக்கு, எந்தச் சேவை, எதற்குப் பதிலாக, யாருடைய செலவில், எத்தனை ஆண்டுகளில், எந்தப் பலன் என்ற ஆறும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டு: '30 வயதைக் கடந்த ரத்த அழுத்த நோயாளிகளுக்கு, மாதந்தோறும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை தருவதற்குப் பதிலாக வீட்டில் கொண்டுபோய்த் தந்தால், அரசும் நோயாளியும் செய்யும் மொத்தச் செலவிலும் அவர்கள் பெறும் நலமான வாழ்நாளிலும் 10 ஆண்டுகளில் என்ன மாற்றம் ஏற்படும்?' வாக்கியம் நீளமானதுதான். ஆனால் இதில் ஏதேனும் ஒன்றை எழுத முடியாமல் நீங்கள் திணறினால், பின்வரும் படிகளில் அதே இடத்தில்தான் கணக்கும் நிற்கும்.

3. எதனோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

பொருளாதார மதிப்பீடு என்பது எப்போதுமே இரண்டு வழிகளுக்கு இடையிலான வேறுபாட்டைக் கணக்கிடுவது. திட்டம் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டை ஒப்பீடாக வைத்துக்கொள்வது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. நமது எடுத்துக்காட்டில் முந்தைய ஆண்டு கொரோனா ஆண்டு. புறநோயாளிகள் வரவே அஞ்சிய காலம். அதனோடு வைத்துப் பார்த்தால் எந்தத் திட்டமும் நன்றாகத்தான் தெரியும்.

'ஒன்றுமே செய்யாமல் இருப்பது' என்பதை ஒப்பீடாக வைப்பது இரண்டாவது தவறு. வீட்டுக்கு மாத்திரை வராவிட்டால் அந்த நோயாளி சும்மா இருந்துவிட மாட்டார். சிலர் அரசு மருத்துவமனைக்கும் சிலர் மருந்துக் கடைக்கும் போவார்கள், சிலர்தான் மாத்திரையை நிறுத்துவார்கள். இந்தக் கலவைதான் உண்மையான மாற்று நிலை.

மூன்றாவது தவறு, மலிவான இடைவழியை விட்டுவிடுவது. நமது கணக்கில் மூன்று வழிகளை வைத்துக்கொள்வோம். அ: மாதந்தோறும் சுகாதார நிலையத்துக்கு வந்து மாத்திரை வாங்குவது. ஆ: அங்கேயே இரண்டு மாத மாத்திரையை ஒன்றாக வாங்கிக்கொள்வது. இ: மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்குக் கொண்டுவருவது. ஆ என்ற வழியை யாரும் கேட்கவில்லை என்பதற்காக விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை 9ஆம் பகுதியில் காட்டுகிறேன்.

4. யாருடைய செலவு, எவ்வளவு காலம்

அரசின் செலவை மட்டும் கணக்கிட்டால், நோயாளியின் பேருந்துக் கட்டணமும் அரைநாள் கூலியும் கணக்கில் வராது. வீடு தேடிச் செல்லும் திட்டம் மிச்சப்படுத்துவதே அந்தச் செலவைத்தான் என்பதால், இத்தகைய திட்டத்துக்கு அரசின் பார்வை மட்டும் போதாது. இந்திய ஆய்வுகள் பலவும் சுகாதாரத் துறையின் செலவையும் நோயாளியின் கைக்காசையும் அடிப்படைக் கணக்கில் சேர்த்து, வேலைக்குப் போகாததால் வரும் உற்பத்தி இழப்பைத் தனியாகக் காட்டுகின்றன. நானும் அப்படியே செய்யச் சொல்வேன். கூலி இழப்பைச் செலவிலும் சேர்த்து, வாழ்க்கைத் தரத்தின் வழியாகப் பலனிலும் சேர்த்துவிடும் இரட்டைக் கணக்கு இதனால் தவிர்க்கப்படும்.

பார்வை மாறினால் எண்ணும் மாறும் என்பதற்குப் பேருந்தே சான்று. தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம். ஆகவே, சுகாதார நிலையத்துக்கு வரும் ஒரு பெண் நோயாளியின் கைக்காசில் கட்டணம் பூஜ்ஜியம். சுகாதாரத் துறையின் கணக்கிலும் அது பூஜ்ஜியம். ஆனால் அந்தப் பயணத்தின் செலவு அரசு தரும் மானியத்தில் இருக்கிறது. எல்லோருடைய செலவையும் சேர்த்துப் பார்க்கும் சமூகப் பார்வையில் அதை விட முடியாது. அதே பேருந்தில் வரும் அவருடைய கணவரோ கட்டணத்தைத் தம் கைக்காசிலிருந்து கொடுக்கிறார்.

கால எல்லையைப் பொறுத்தவரை, இரண்டு வழிகளுக்கும் இடையிலான வேறுபாடு தீர்ந்துபோகும் வரை நீட்ட வேண்டும் என்பதே விதி. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரைச் செலவு இன்றே ஏற்படும். பக்கவாதம் தவிர்க்கப்படும் பலன் பல ஆண்டுகள் கழித்து வரும். ஓராண்டில் கணக்கை மூடினால் செலவு முழுவதும் தெரியும், பலன் தெரியாது. முறையாகச் செய்வதானால் வாழ்நாள் முழுவதற்கும் செய்ய வேண்டும். இங்கே எளிமைக்காக 10 ஆண்டுகள் வைத்திருக்கிறேன்.

5. ஆய்வு வகையைத் தேர்ந்தெடுத்தல்

பலனை எந்த அலகில் அளக்கிறீர்கள் என்பதே வகையைத் தீர்மானிக்கிறது. 'கட்டுப்பாட்டில் உள்ள ஒரு நோயாளி' என்பது போன்ற இயல்பான அலகில் அளந்தால் அது செலவுத்திறன் ஆய்வு. வாழ்நாளையும் வாழ்க்கைத் தரத்தையும் சேர்த்து 'தரம் சரிசெய்த வாழ்வாண்டு' என்று அளந்தால் செலவுப் பயன்பாட்டு ஆய்வு. பலனையும் ரூபாயாக மாற்றினால் செலவு–ஆதாய ஆய்வு. பலன்கள் சமம் என்று ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்தால் செலவை மட்டும் ஒப்பிடலாம்.

கடைசி வகையில் ஒரு பொறி இருக்கிறது. 'வேறுபாடு இருப்பதாக நிறுவப்படவில்லை' என்ற மருத்துவ ஆய்வு முடிவைப் 'பலன் சமம்' என்று படித்துவிடுகிறார்கள். சிறிய ஆய்வில் வேறுபாடு தெரியாமல் போவதும், வேறுபாடே இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. ஐயமிருந்தால் செலவுப் பயன்பாட்டு ஆய்வையே செய்யுங்கள்; ரத்த அழுத்தத் திட்டத்தையும் தடுப்பூசித் திட்டத்தையும் பலனை ரூபாயாக மாற்றாமலேயே ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க அது வழிவிடும்.

6. செலவைக் கணக்கிடுதல்

அடையாளம் காண்பது, அளப்பது, விலை வைப்பது என்ற மூன்றையும் இந்த வரிசையில் தனித்தனியே செய்யுங்கள். முதலில் ரூபாய் இல்லாத பட்டியல் ஒன்று வேண்டும்: யாருடைய நேரம், எத்தனை மாத்திரை, எத்தனை கிலோமீட்டர், எத்தனை பயிற்சி நாள். ரூபாயோடு தொடங்குபவர்கள் பட்ஜெட் புத்தகத்தில் தலைப்பு உள்ள செலவுகளை மட்டுமே காண்பார்கள். தலைப்பு இல்லாதவை விடுபட்டுப்போகும். கிராம சுகாதார செவிலியரின் நேரம் அப்படி விடுபடுவதுதான் வழக்கம். ஊதியம் வேறொரு தலைப்பில் வருவதால் 'அவருக்குத் தனிச் செலவு இல்லை' என்பார்கள். இந்த வேலைக்குப் போகும் ஒவ்வொரு மணி நேரமும் தடுப்பூசியிலிருந்தோ கர்ப்பிணிப் பரிசோதனையிலிருந்தோ எடுக்கப்பட்டது. அதற்கு விலை உண்டு.

நேரத்தை எப்படி அளப்பது? 'எத்தனை சதவீதம்?' என்று கேட்காதீர்கள். நான் ஒருமுறை ஒரு செவிலியரிடம் கேட்டபோது, கர்ப்பிணிகளுக்குப் பாதி நேரம், தடுப்பூசிக்குக் கால்வாசி, வீடு தேடும் பணிக்குக் கால்வாசி, பதிவேடு எழுத மூன்றில் ஒரு பங்கு என்றார். கூட்டினால் 133 சதவீதம். அவர் பொய் சொல்லவில்லை. பதிவேட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் இரவு எழுதுகிறார் என்பது இரண்டாம் நாள்தான் தெரிந்தது. ஆகவே இரண்டு வாரத்துக்கு அரைமணிக்கு ஒரு கட்டம் போட்ட தாள் கொடுங்கள், அல்லது கூடவே நடந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வாரத்தில் முகாம் நாளும் சாதாரண நாளும் இரண்டும் இருக்க வேண்டும்.

மருந்துக்குக் கடை விலையை வைக்க வேண்டாம். மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக டெண்டரில் வாங்குவதால் அம்லோடிபின் போன்ற மாத்திரைகளின் அரசுக் கொள்முதல் விலை, அட்டையில் அச்சிட்ட சில்லறை விலையைவிட மிகக் குறைவு. அதே வேளை, நோயாளி கடையில் வாங்கும் மாத்திரைக்குக் கடை விலைதான் சரி. யார் கொடுத்தாரோ அவர் கொடுத்த விலை. காலாவதியாகிக் கழிக்கப்பட்ட மாத்திரைகளையும் இருப்புப் பதிவேட்டிலிருந்து எடுத்துச் சேருங்கள்.

பல ஆண்டுகள் உழைக்கும் கருவிகளின் விலையை வாங்கிய ஆண்டில் மொத்தமாகப் போடாதீர்கள். ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கிய டிஜிட்டல் ரத்த அழுத்தக் கருவிகள் 5 ஆண்டு உழைக்கும் என்றால், எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் 3 சதவீதத் தள்ளுபடி விகிதத்தில் (8ஆம் பகுதி) விலையை வகுக்க வேண்டிய ஆண்டுக் காரணி 4.58, ஆண்டுச் செலவு ஏறத்தாழ 21,835 ரூபாய். வெறுமனே ஐந்தால் வகுத்தால் 20,000 வரும். கருவியில் முடங்கிய பணம் வேறிடத்தில் பயன்பட்டிருக்கும் என்பதுதான் அந்த 1,835 ரூபாய். தொடக்கப் பயிற்சிச் செலவையும் இதே முறையில் ஆண்டுகளுக்குப் பிரித்துப் போடுங்கள்.

இன்னொன்று: மருத்துவமனை வசூலிக்கும் கட்டணமோ, காப்பீட்டுத் திட்டம் செலுத்தும் தொகுப்புத் தொகையோ செலவு ஆகாது. அவை பேரத்தில் முடிவான எண்கள். பக்கவாதச் சிகிச்சைக்கு நீங்களே செலவுக் கணக்கு எடுக்க முடியாவிட்டால், சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனம் தொகுத்துள்ள தேசியச் சுகாதாரச் செலவுத் தரவுகளிலிருந்து எடுங்கள். ஆண்டைக் குறித்துக்கொள்ள மறக்காதீர்கள்.

7. பலனை அளத்தல்

வீடு தேடும் திட்டத்தில் நேரடியாகக் கிடைக்கும் பலன், ரத்த அழுத்தம் 140/90க்குக் கீழே இருப்பவர்களின் எண்ணிக்கை. அது இடைநிலைப் பலன்தான். அதிலிருந்து பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் போக வெளிச் சான்று வேண்டும். பெரிய மருத்துவச் சோதனைகளின் தொகுப்பாய்வு, மேல் அளவை 10 புள்ளி குறைத்தால் பெரும் இதய ரத்தக்குழாய் நிகழ்வுகள் ஏறத்தாழ 20 சதவீதமும் பக்கவாதம் ஏறத்தாழ 27 சதவீதமும் குறைவதாகக் காட்டுகிறது. இத்தகைய எண்ணை எடுத்தாளுங்கள். உங்கள் வட்டாரத்தில் ஓராண்டில் பக்கவாதம் எத்தனை பேருக்கு வந்தது என்று எண்ணிப் பலனை நிறுவ முயல வேண்டாம், எண்ணிக்கை போதாது.

பதிவேட்டை அப்படியே நம்பவும் வேண்டாம். நான் புரட்டிய ஒரு பதிவேட்டில் ஒரு பக்கம் முழுவதும் 130/80, 140/90, 130/80 என்று எல்லா அளவுகளும் பூஜ்ஜியத்திலேயே முடிந்தன. டிஜிட்டல் கருவி அப்படிக் காட்டாது. கடைசி இலக்கங்களை எண்ணிப் பார்த்தாலே தரவின் தரம் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் சில நோயாளிகளுக்கு மட்டும் நீங்களே மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

அடுத்தது அதைவிட நுட்பமான தவறு. முகாமில் 160க்கு மேல் இருந்தவர்களை மட்டும் தேர்ந்து மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தால், மாத்திரையே கொடுக்காவிட்டாலும் சராசரி இறங்கும். அன்றைக்கு மட்டும் உயர்ந்திருந்தவர்கள் தம் இயல்பு நிலைக்குத் திரும்புவதே காரணம். இந்த இறக்கம் முழுவதையும் திட்டத்தின் கணக்கில் எழுதுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். திட்டத்தில் சேராத ஓர் ஒப்பீட்டுக் குழு இருந்தால் இதைப் பிரித்தெடுக்கலாம்.

வாழ்க்கைத் தரத்தை அளக்க ஈக்யூ–5டி வினாத்தாள் போதும். நடமாட்டம், தன்னைப் பராமரித்தல், அன்றாட வேலை, வலி, மனக்கவலை என்று ஐந்து கேள்விகள். கிடைக்கும் விடைகளை மதிப்பெண்ணாக மாற்றும்போது இந்தியர்களிடம் கேட்டு உருவாக்கிய மதிப்புத் தொகுதியையே பயன்படுத்துங்கள். வேறு நாட்டின் தொகுதியைப் போட்டால், பக்கவாதத்தோடு வாழ்வதை அந்நாட்டார் எப்படி மதிக்கிறார்களோ அது உங்கள் முடிவுக்குள் வந்துவிடும்.

8. மாதிரி, தள்ளுபடி, விலைவாசி

நோயாளிகள் ஆண்டுதோறும் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதைக் கணக்கில் ஓட்டிப் பார்ப்பதே இங்கே மாதிரி எனப்படுகிறது. நோயாளி இருக்கக்கூடிய அந்த நிலைகளை முதலில் தாளில் வரையுங்கள்: நிகழ்வு இல்லை, பக்கவாதம் வந்த முதலாண்டு, பக்கவாதத்துக்குப் பிந்தைய வாழ்வு, மாரடைப்பு வந்த முதலாண்டு, அதற்குப் பிந்தைய வாழ்வு, மரணம். ஒரு மருத்துவர் அந்தப் படத்தைப் பார்த்துத் தலையசைத்த பிறகே எக்செலுக்குப் போங்கள்.

நிகழ்தகவுகளை வகுத்துப் பிரிக்கக் கூடாது. ஐந்தாண்டில் 20 சதவீதம் பேருக்கு நிகழ்வு என்றால் ஓராண்டுக்கு 4 சதவீதம் அல்ல, ஏறத்தாழ 4.36 சதவீதம், முதலாண்டில் பாதிக்கப்படாதவர்களே இரண்டாம் ஆண்டுக் கணக்கில் நிற்கிறார்கள் என்பதால். 0.8இன் ஐந்தாம் மூலத்தை 1இலிருந்து கழித்தால் இந்த எண் வரும்.

செலவையும் பலனையும் இந்திய நெறிப்படி ஆண்டுக்கு 3 சதவீதம் தள்ளுபடி செய்யுங்கள். பத்தாண்டு கழித்து வரும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு 74 ரூபாய் 41 காசு. இதையும் பணவீக்கத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பழைய ஆண்டு விலைகளை ஆய்வின் அடிப்படை ஆண்டுக்குக் கொண்டுவருவது பணவீக்கச் சரிக்கட்டல். அது தரவு சேகரிக்கும்போதே முடிந்துவிட வேண்டும். எதிர்காலத்துக்குத் தள்ளுபடி மட்டுமே.

மாதிரியை முடித்ததும் மூன்று சோதனைகள். மாத்திரையின் பலனைப் பூஜ்ஜியமாக்கினால் எல்லா வழிகளிலும் வாழ்வாண்டு சமமாக வர வேண்டும். ஒவ்வோர் ஆண்டிலும் எல்லா நிலைகளிலும் உள்ளவர்களைக் கூட்டினால் தொடங்கிய எண்ணிக்கையே (நமது கணக்கில் 1,000 பேர்) வர வேண்டும். மரண விகிதத்தை 100 சதவீதமாக்கினால் இரண்டாம் ஆண்டில் செலவே இருக்கக் கூடாது. இறந்தவர்களுக்கும் மாத்திரை வழங்கிக்கொண்டிருந்த மாதிரிகளை இந்த மூன்றாவது சோதனையில் பிடித்திருக்கிறேன்.

9. கூடுதல் விகிதத்தைக் கணக்கிடுதல்

1,000 நோயாளிகளுக்கு 10 ஆண்டுகளில் கிடைத்த முடிவு இப்படி என்று கொள்வோம். அ: 2 கோடி ரூபாய், 7,000 தரம் சரிசெய்த வாழ்வாண்டுகள். ஆ: 2 கோடியே 10 லட்சம், 7,020. இ: 2 கோடியே 40 லட்சம், 7,030.

புதியவர் செய்யும் முதல் வேலை, 2 கோடியே 40 லட்சத்தை 7,030ஆல் வகுப்பது. 'ஒரு வாழ்வாண்டுக்கு 3,414 ரூபாய்தான்' என்று மகிழ்கிறார். அந்த 7,030இல் 7,000 ஆண்டுகள் பழைய முறையிலேயே கிடைத்துவந்தவை.

இரண்டாவது வேலை, இ வழியை அ வழியோடு ஒப்பிடுவது. 40 லட்சம் கூடுதல் செலவு, 30 ஆண்டு கூடுதல் பலன். கூடுதல் செலவைக் கூடுதல் பலனால் வகுத்தால் வரும் இந்தக் கூடுதல் விகிதம், ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 லட்சத்து 33 ஆயிரம். இந்தியாவில் ஒருவருக்கான சராசரி உள்நாட்டு உற்பத்தியே, ஒரு வாழ்வாண்டுக்குச் செலவிடத் தகும் வரம்பாக வழக்கமாகக் கொள்ளப்படுகிறது. அது இப்போது இரண்டு லட்சத்துக்கு மேல் என்பதால் திட்டம் தேறிவிட்டது என்று தோன்றும்.

செலவின் ஏறுவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றையும் அதற்கு முந்தையதோடு ஒப்பிடுவதே சரியான முறை. அ வழியிலிருந்து ஆ வழிக்கு 10 லட்சத்துக்கு 20 ஆண்டுகள். ஓர் ஆண்டுக்கு 50,000. ஆ வழியிலிருந்து இ வழிக்கு 30 லட்சத்துக்கு வெறும் 10 ஆண்டுகள்; ஓர் ஆண்டுக்கு 3 லட்சம். வரம்பைத் தாண்டிவிட்டது. ஆ வழியைப் பட்டியலில் சேர்க்காமல் இருந்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

விகிதம் எதிர்ம எண்ணாக வந்தால் அதை அப்படியே அறிக்கையில் எழுதாதீர்கள். செலவு குறைந்து பலன் கூடினாலும் எதிர்மம்தான், செலவு கூடிப் பலன் குறைந்தாலும் எதிர்மம்தான். எது என்பதைச் சொல்லால் எழுதுங்கள்.

10. உறுதியின்மையைச் சோதித்தல்

எல்லா உள்ளீடுகளையும் 20 சதவீதம் கூட்டிக் குறைத்துப் பார்ப்பது சோம்பேறித்தனம். கொள்முதல் விலை பட்டியலில் உறுதியாக இருக்கிறது. மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறார்களா என்பதோ பாதிக்குப் பாதி மாறலாம். ஒவ்வொன்றுக்கும் அதன் சான்று அனுமதிக்கும் எல்லையைக் கொடுங்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிக் குறைந்தது 1,000 முறை ஓட்டி, இத்தனை முறைகளில் எந்த வழி மேலானதாக வந்தது என்று சொல்லுங்கள். இதில் நிகழ்தகவுகளுக்கு, 0க்கும் 1க்கும் இடையிலேயே நிற்கும் பீட்டா பரவலும், செலவுகளுக்கு, பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாத காமா பரவலும் பொருந்தும். சாதாரண இயல்நிலைப் பரவலைப் போட்டால் சில ஓட்டங்களில் செலவு பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும்.

11. பட்ஜெட் தாக்கமும் அறிக்கையும்

செலவுத்திறன் உள்ளது என்பதற்கும் கையில் பணம் உள்ளது என்பதற்கும் தொடர்பில்லை. ஆகவே முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுவாரியாக, தள்ளுபடி செய்யாமல், அரசு மட்டும் செலவிட வேண்டிய தொகையைத் தனித் தாளில் கொடுங்கள். நிதித் துறை கேட்பது அந்தத் தாளைத்தான். அறிக்கையை, பொருளாதார மதிப்பீட்டு அறிக்கைகளுக்கான 'சியர்ஸ் 2022' (CHEERS) சரிபார்ப்புப் பட்டியலின் 28 அம்சங்களோடு சரிபாருங்கள். விடுபட்டது எது என்று அது சொல்லிவிடும்.

12. யாருக்கு என்று மறுபடி ஓட்டிப் பாருங்கள்

9ஆம் பகுதியின் முடிவைக் கண்டதும் வீடு தேடும் பணியை நிறுத்திவிடலாம் என்று எழுதிவிடாதீர்கள். அங்கே இருந்த 1,000 பேரும் சராசரி நோயாளிகள். படுக்கையில் இருக்கும் ஒருவருக்கும், துணையின்றித் தனியே வாழும் முதியவருக்கும் ஆ என்ற வழியே கிடையாது. அவரால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையும் வர இயலாது. அவரைப் பொறுத்தவரை இ வழிக்கு மாற்று, மாத்திரை நின்றுபோவதுதான். ஆகவே 3ஆம் பகுதிக்குத் திரும்பி, நடமாட முடிந்தவர்களையும் முடியாதவர்களையும் இரண்டு குழுக்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய ஒப்பீட்டை வைத்து மாதிரியை மறுபடி ஓட்டுங்கள். ஈக்யூ–5டி வினாத்தாளின் முதல் கேள்வி நடமாட்டத்தைப் பற்றியது என்பதால் இந்தப் பிரிவினைக்கு வேண்டிய தரவு ஏற்கெனவே உங்களிடம் இருக்கும். இரண்டு குழுக்களின் எண்ணிக்கையையும் வட்டார அளவில் எடுத்து, பட்ஜெட் தாளில் தனித்தனி வரிகளாகச் சேருங்கள்.